பொதுவில் நின்ற ஈட்டி

ஈட்டிகளைச் சோதிக்கும் மேசையில் மனிதக் கைக்கு இனி அதிக வேலை இல்லை. நீளம், எடை, சமநிலைப் புள்ளி, கைப்பிடியின் தடிப்பு ஆகிய அனைத்தையும் ஒரே தடவையில் வாசித்துப் பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ காட்டும் இயந்திரம் ஒன்று எங்கள் அரங்குக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு வந்த இளம் நடுவர்கள், தங்கள் ஆண்டு மலருக்கு என் பணிக்கால அனுபவம் ஒன்றை எழுதித் தரும்படி கேட்டார்கள். எதைப் பற்றி என்று கேட்டேன். "யானாவைப் பற்றி எழுதுங்கோ அங்கிள். அண்டைக்கு நடந்ததை ஆளாளுக்கு ஒவ்வொரு மாதிரிச் சொல்லுகினம்," என்றார்கள். அப்படிச் சொல்பவர்களில் எவரும் அன்று அந்த மேசையருகே நிற்கவில்லை. நான் நின்றேன். ஆகவே, வேலேந்திய பெருமானை நெஞ்சில் நிறுத்தி, நடந்ததை நடந்தபடியே எழுத முயல்கிறேன்.

மட்டக்களப்பில் பிறந்து, ரொறன்ரோவுக்கு வந்து, பண்டகசாலையிலும் அச்சகத்திலும் சில ஆண்டுகள் உழைத்த பின்னர், ஸ்காபரோவின் கிழக்கிலுள்ள விளையாட்டரங்கு ஒன்றில் கருவிக் காப்பாளனாகச் சேர்ந்தேன். குண்டு, தட்டு, சம்மட்டி, ஈட்டி ஆகியவற்றைத் துடைப்பதும் பழுது பார்ப்பதும் என் நாளாந்த வேலை. போட்டி நாட்களில் சோதனை மேசையும் என் பொறுப்பாயிற்று. பதிகங்களை ஓதி வளர்ந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடைத்திருக்குமா என்று நான் அறியேன். முருகனின் வேலாயுதத்தை அறிவின் வடிவமாகக் காண்பது எங்கள் மரபு. நுனியில் கூர்மை, நடுவில் அகலம், தண்டில் நீளம். அறிவுக்கும் இவை மூன்றும் வேண்டும் என்பார்கள். விளையாட்டு ஈட்டியில் அந்த அகலம் இல்லை. ஆயினும் காலையில் முதல் ஈட்டியை உறையிலிருந்து உருவும்போதெல்லாம் என் வாய் தானாகவே ஓதத் தொடங்கிவிடும்.

மேசைக்குத் தலைவர் அருளப்பு அண்ணை. மன்னாரைச் சேர்ந்தவர், ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாத கத்தோலிக்கர். மேசையைத் திறக்கும் முன் அவர் சிலுவை அடையாளம் இடுவார். நான் திருநீறு பூசிக்கொள்வேன். "ரெண்டு பேரும் மேலிடத்துக்கு அறிவிச்சாச்சு, இனித் துவங்குவம்," என்பார். அவர் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. ஈட்டியை முதலில் அளவுப் பலகையில் கிடத்துவார். பின்னர் தராசு. அதன்பின், மெல்லிய இரும்பு விளிம்பின்மேல் அதைக் குறுக்கே வைத்து, இரு பக்கமும் தாழாமல் அது நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்வார். கடைசியாகக் கைப்பிடி. ஈட்டியின் நடுவில் இறுக்கமாகச் சுற்றியிருக்கும் கயிற்றின்மேல், கண்களை மூடிக்கொண்டு, பெருவிரலை மெதுவாக ஓட்டுவார். கயிறு முழுவதும் ஒரே தடிப்பாக இருத்தல் வேண்டும் என்பது விதி. முடிச்சு, மேடு, பள்ளம் எதுவும் கூடாது. விரல் பற்றிக்கொள்ள மேலதிகமாக ஒரு பிடி கிடைத்தாலும் அது மற்றவர்களுக்குச் செய்யும் அநீதி. பெருவிரல் எங்காவது தடுக்கினால் ஈட்டியின் கதை முடிந்தது. ஆனால் "தள்ளுபடி" என்ற சொல்லை அவர் வீரர்களின் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆங்கிலத்திலானாலும் தமிழிலானாலும் அவருடைய தீர்ப்பு ஒன்றுதான்: "இது இண்டைக்கு ஓய்வு எடுக்கட்டும்." அந்த ஈட்டியை இடப்பக்க வாங்குப் பலகையில் கிடத்தி, குழந்தையை மூடுவதுபோல் ஒரு துணியால் மூடிவிடுவார்.

தேறிய ஈட்டிகளில் சிறியதொரு ஒட்டியை ஒட்டி, களத்தில் உள்ள ரக்கில், அதாவது ஈட்டித் தாங்கியில், நிறுத்துவோம். அங்கே ஒரு விதி உண்டு. யார் எங்கிருந்து கொண்டுவந்த ஈட்டியாயினும், ரக்கில் நின்றபின் போட்டி முடியும்வரை அது எல்லோருக்கும் பொது. போட்டியில் உள்ள எவரும் அதை எடுத்து எறியலாம். சொந்தக்காரர் மறுக்க முடியாது. இதைக் கேட்ட நாளிலேயே எனக்கு இந்த விளையாட்டின்மேல் பக்தி உண்டாயிற்று. படையல் பிரசாதமாகித் திரும்பியபின், சமைத்தவர் அதைத் தன் சோறு என்று சொல்வதில்லை அல்லவா? ஆனால் விதி அப்படி இருந்ததே தவிர வழக்கம் வேறாக இருந்தது. மற்றவரின் ஈட்டியைத் தொட எல்லோருக்கும் கூச்சம்.

யானாவுக்கு அது கூச்சம் மட்டுமன்று, கொள்கையும் ஆகும். செக் நாட்டைச் சேர்ந்தவர் அவர். அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சிறு பந்தை எறிந்து பழகி, தோள் திறந்த பின்னர்தான் ஈட்டியைத் தொடுவார்களாம். அப்படி வளர்ந்து, தம் இளமையில் ஐரோப்பாவின் பெரிய களங்களில் இறுதிச் சுற்றுவரை போனவர். பின்னர் முழங்கையில் அறுவைச் சிகிச்சை. அது ஆறுமுன்னரே கணவரின் வேலை காரணமாக ரொறன்ரோவுக்கு இடம்பெயர்வு. எங்கள் அரங்குக்கு வந்தபோது முப்பதுகளின் நடுவில் இருந்தார். முழங்கையில் நீண்டதொரு தழும்பு. "உன் ஈட்டியை இன்னொரு கை தொட விடாதே" என்று முதல் பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்தாராம். தம் ஈட்டியை நீண்ட குழாய் உறையில் இட்டு, பஸ்ஸில் தாமே சுமந்துவருவார். நான் அதை எடை பார்க்கும்போதும் பக்கத்திலேயே நிற்பார். ஒரு குளிர்காலம் முழுவதும் கழிந்த பின்னரே கைப்பிடிக் கயிறு சுற்றும் வேலையை என்னிடம் தந்தார்.

அந்த ஆண்டில் அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே: உலகப் போட்டிக்கான தகுதித் தூரம். தூரத்தை எட்டினால் அழைத்துச் செல்வோம், இல்லையேல் இதுவரை செய்ததற்கு நன்றி என்று அவருடைய நாட்டுத் தேர்வாளர்கள் கூறிவிட்டார்கள். முழங்கை இன்னொரு பருவத்தைத் தாங்காது என்று மருத்துவரும் கூறிவிட்டார். கோடை முழுவதும் எறிந்தும் தூரம் கைகூடவில்லை. எங்கள் அரங்கில் நடக்கவிருந்த போட்டியோடு கால எல்லை முடிவடைந்தது. அன்று எட்டாவிட்டால் அவர் வாழ்க்கையில் மறுபடி ஈட்டி இல்லை.

என் மனைவி கமலத்துக்கு இந்த விடயம் முழுவதும் தெரியும். யானாவுக்காக அவள் கொடுத்தனுப்பும் பிட்டைக் கருவி அறையில் வைத்தே அந்தப் பெண் சாப்பிட்டு முடிப்பார். போட்டிக்கு முந்திய வாரம் கமலம் அவரை றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு அழைத்துச் சென்றாள். அன்று முருகன் சந்நிதியில் காப்புக் கட்டு. ஐயர் முதலில் வேலின் தண்டில் மஞ்சள் நூலைச் சுற்றிக் கட்டினார். பின்னர் அடியவர்களின் மணிக்கட்டுகளில் கட்டினார். யானாவின் முறை வந்தபோது, எறியும் கையில் பிளாஸ்டர் சுற்றவேண்டியிருக்கும் என்று கூறி, நூலை உள்ளங்கையில் வாங்கிக் கவனமாக மடித்து வைத்துக்கொண்டாராம். "நல்ல பிள்ளை, பிறகு கட்டுவா," என்று கமலம் எனக்குச் சொன்னாள்.

போட்டியன்று மேசை மூடப்படும் தறுவாயில்தான் யானா வந்தார். அவருடைய ஈட்டியை நான் வாங்கிச் சோதித்தேன். நீளம் சரி. எடை சரி. சமநிலைப் புள்ளி எல்லைக்குள் நின்றது. கைப்பிடியில் என் பெருவிரல் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. மீண்டும் ஓட்டினேன். மீண்டும் அதே இடம்.

"என்ன சிவம், நிண்டிட்டீங்கள்?" என்றார் அருளப்பு அண்ணை.

"கயித்துக்குக் கீழ ஒரு வரம்பு மாதிரி ஓடுது, அண்ணை."

அவர் குனிந்து பார்த்தார். கயிறு முடியும் இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஓர் இழை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நீட்டிய கையை அவர் மெல்லப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

"இது உங்கட ஆளின்ர நூல் போல கிடக்கு. நான் தொட்டால், வேதக்காரன் முருகனை மறிச்சுப்போட்டான் எண்டு நாளைக்குக் கோயிலில கதைப்பினம். நீங்களே சொல்லுங்கோ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொன்னபின் என் முகத்தைப் பார்க்காமல், தராசைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். அவருடைய முறை அது. தீர்ப்பை ஒருவரிடம் ஒப்படைத்தால் அந்த ஆளைக் கண்ணால்கூட நெருக்கமாட்டார்.

யானா எதையும் மறைக்கவில்லை. முந்திய நாள் தாமே கயிற்றைக் கழற்றி, நூலை உள்ளே வைத்து, மீண்டும் சுற்றியதாகக் கூறினார். "கோயிலில் முதலில் வேலுக்குத்தானே கட்டினார்கள்? மனிதர்களுக்குக் கட்டியது அதற்குப் பிறகு. ஆகவே நூல் ஈட்டிக்கு உரியது என்று நினைத்தேன்," என்றார். எத்தனையோ ஆண்டுகளாக அந்தக் காப்புக் கட்டைப் பார்த்து வந்திருக்கிறேன். அதை இப்படியும் விளங்கிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவர் கண்டது பிழையும் அன்று.

அந்த வரம்பு மிகச் சிறியது. வேறு எவருடைய பெருவிரலும் அதை உணர்ந்திராது. அருளப்பு அண்ணையோ திரும்பி நிற்கிறார். உள்ளே இருப்பதோ என் பெருமானின் நூல். ஒட்டியை எடுத்து ஒட்டிவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்த மேசைக்கு வந்த மற்றப் பெண்கள் எல்லோரும் என் கையை நம்பித்தான் தங்கள் ஈட்டிகளைக் கிடத்திவிட்டுப் போயிருந்தார்கள். தெய்வத்தின் நூலைக் காட்டி அவர்களை ஏமாற்றினால், நான் தெய்வத்தையே பொய்ச்சாட்சிக்கு அழைத்தவன் ஆவேன்.

"இது இண்டைக்கு ஓய்வு எடுக்கட்டும்," என்றேன். 

கயிற்றைக் கழற்றிச் சுற்றித் தரவா என்று யானா கேட்டார். சுற்றினால் எல்லாச் சோதனையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். மேசை மூடும் நேரமும் வந்துவிட்டது. அருளப்பு அண்ணை தலையை மட்டும் அசைத்து மறுத்தார். யானா வாதாடவில்லை. தம் ஈட்டியைத் தாமே இடப்பக்க வாங்கில் கிடத்தி, துணியையும் தாமே இழுத்து மூடிவிட்டுக் களத்துக்கு நடந்தார்.

அரங்குக்குச் சொந்தமான ஈட்டிகள் ரக்கில் நின்றன. அவை இளம் தோள்களுக்கானவை, விறைப்பானவை. யானாவின் முழங்கைக்கு வேண்டியது எறியும்போது சற்றே வளைந்து கொடுக்கும் மென்மையான ஈட்டி. அப்படியொன்று ரக்கில் நிற்கத்தான் செய்தது. அது தர்சிகாவினுடையது. மோர்னிங்சைட்டில் வளர்ந்த தமிழ்ப் பெண். அன்றைய போட்டி முழுவதும் முதலிடத்தில் நின்றவள். யானாவின் கண் அந்த ஈட்டியில் ஒருமுறை பட்டு, உடனே விலகியதை நான் கண்டேன். பின்னர் அரங்கின் விறைத்த ஈட்டி ஒன்றை எடுத்தார்.

முதல் எறி தட்டையாக விழுந்தது. நுனி முதலில் நிலத்தைத் தொடாவிட்டால் எறி செல்லாது, செங்கொடி உயர்ந்தது. அடுத்தவை செல்லுபடியாயின, ஆனால் தூரமில்லை. தகுதித் தூரத்தைக் காட்டப் புல்லில் குறுக்காக ஒரு வெள்ளை நாடா பதித்திருந்தோம். அவருடைய எறிகள் அதற்கு வெகு முன்னாலேயே களைத்து விழுந்தன. ஒவ்வொரு எறிக்குப் பிறகும் முழங்கையை மறு கையால் தாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

எனக்கு மருந்து தெரியும், சொல்ல முடியாது. களத்தில் உள்ள நடுவர் ஒருவர் வீரருக்கு யோசனை கூறுவது குற்றம். 'அதை எடு' என்ற இரண்டு சொற்கள் என் தொண்டையில் கிடந்து வருத்தின. அருளப்பு அண்ணைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். என் பக்கத்தில் வந்து நின்று, "வாயை இறுக்கிப் பிடியும் சிவம், நானும் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன்," என்றார்.

இடைவேளையில் கமலம் வேலியோரம் வந்தாள்.

"என்னப்பா, பிள்ளை எறியிறது ஏன் கிட்டக் கிட்ட விழுது? அந்த நூலைக் கட்டினவவோ?"

"கட்டினவ."

"மறுகா ஏன்?"

"கட்டினபடியாலதான். நீ போய் இரு. மறுகா சொல்லுறன்."

கடைசிச் சுற்று வந்தது. யானாவின் பெயர் அழைக்கப்படும் முன்னர், தர்சிகா ரக்குக்குப் போய்த் தன் ஈட்டியை உருவினாள். பயிற்சிக்கு எடுக்கிறாள் என்று நினைத்தேன். அவளோ நேரே யானாவிடம் சென்று, கைப்பிடி முன்னால் இருக்கும்படி அதை நீட்டினாள். ஐரோப்பாவிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது அந்த வேலிக் கம்பை எறியத்தானா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். யானா கையை நீட்டவில்லை. இது உன்னுடையது என்று மட்டும் கூறினார். வேலிக்கு வெளியே தர்சிகாவின் பயிற்சியாளர் தலையை வேகமாக ஆட்டிக்கொண்டிருந்தார். யானாவின் கடந்தகாலத்தை அறிந்த எவரும் அவ்வாறே ஆட்டியிருப்பார்கள். சரியான ஈட்டி கிடைத்தால் அந்தப் பெண் முதலிடத்தையும் எடுத்துவிடக்கூடும்.

தர்சிகா என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், இதை அவ எடுக்கலாம்தானே? ரூல் என்ன சொல்லுது?"

யோசனை கூறத்தான் எனக்குத் தடை. விதி என்ன என்று கேட்டால் பதில் கூறுவது என் கடமை. அருளப்பு அண்ணையைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசைக்குக் கீழே சிரிப்பு.

"ரக்கில நிக்கிற எந்த ஈட்டியையும் ஆரும் எடுக்கலாம், பிள்ளை. போட்டி முடியுமட்டும் அதுக்குச் சொந்தக்காரர் இல்லை," என்றேன். அதையே ஆங்கிலத்திலும், களம் முழுவதும் கேட்கும் குரலில் கூறினேன். இரண்டு சொற்களுக்குப் பதிலாக இரண்டு மொழிகளில் பேசக் கிடைத்தது.

"கேட்டனீங்கள்தானே?" என்றாள் தர்சிகா, யானாவுக்குத் தமிழ் விளங்காது என்பதையே மறந்து. "எடுங்கோ. எனக்குக் கை நோகுது."

யானா உள்ளங்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு ஈட்டியை வாங்கினார். பிறர் வீட்டில் நீர் வாங்கிக் குடிப்பவரைப்போல், இரண்டு கைகளாலும்.

ஓடுபாதையில் அவர் ஓடிவந்ததை நான் வருணிக்கப் போவதில்லை. அந்தக் கோடை முழுவதும் அவ்வாறுதான் ஓடினார். வேறுபட்டது கை. தோளுக்குப் பின்னால் நீண்டு, ஈட்டி ஒருகணம் வில்லைப்போல் வளைந்ததை நான் கண்ணால் கண்டேன். அதன்பின் அது கையில் இல்லை. எறிந்த வேகத்தில் யானா முன்னே சரிந்து, இரு உள்ளங்கைகளும் ஊன்றிக் குப்புற விழுந்தார். விரல்களுக்கு முன்னால் வெள்ளை வளைகோடு. ஒரு நகம் அதைத் தொட்டாலும் எறி செல்லாது. தலையைத் தூக்கினால் உடல் முன்னே நகர்ந்துவிடும். ஆகவே அவர் தலையைத் தூக்கவில்லை. தம் வாழ்க்கையின் எறி வானத்தில் போய்க்கொண்டிருக்க, அதைப் பாராமல், ஓடுபாதையில் முகத்தைக் கீழே வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தார். அடியார் அட்டாங்கமாக விழுந்து வணங்குவதை ஆயிரம் முறை கண்டிருக்கிறேன். அதற்கு நிகரான ஒன்றைக் கோயிலுக்கு வெளியே அன்றுதான் கண்டேன்.

ஈட்டி மேலே நின்றது. இறங்க மனமில்லாததுபோல் நின்று, பின்னர் நுனியைச் சாய்த்து, வெள்ளை நாடாவுக்கு அப்பால் புல்லில் குத்தி நின்று ஆடியது.

அரங்கு எழுந்துவிட்டது. ஆனால் விதி இன்னும் முடியவில்லை. ஈட்டி விழுந்தபின் வீரர் கோட்டுக்குப் பின்புறமாகவே வெளியேற வேண்டும். மகிழ்ச்சியில் முன்னே பாய்ந்து ஓடி, தம் எறியைத் தாமே கெடுத்துக்கொண்டவர்களை நான் கண்டிருக்கிறேன். யானா கைகளை ஊன்றி மெல்ல எழுந்தார். திரும்பிப் பாராமலே, ஒவ்வோர் அடியாகப் பின்னே நடந்தார். கோட்டின் பின்புறம் முழுவதுமாக வெளியேறிய பின்னர்தான் கொடி பிடித்திருந்த நடுவரைப் பார்த்தார். வெள்ளைக்கொடி உயர்ந்தது.

அளவை வாசித்தவர் அருளப்பு அண்ணை. எப்போதும் ஒருமுறை மட்டும் வாசிப்பவர், அன்று இருமுறை வாசித்தார். மேலே பார்வையாளர் வரிசையில் கமலம் "அரோகரா" என்று கூவியது அரங்கின் மறுகோடிவரை கேட்டது. "உங்கட மனிசிக்கு மைக் தேவையில்லை," என்றார் அருளப்பு அண்ணை, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அந்த எறியால் யானா முதலிடத்துக்கு வந்தார். அடுத்து எறியவேண்டிய தர்சிகா, தன் ஈட்டி புல்லிலிருந்து திரும்பி வரும்வரை இடுப்பில் கைவைத்துக் காத்து நின்றாள். வந்தது, எறிந்தாள், யானாவின் தூரத்தையும் ஒரு முழம் தாண்டிவிட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் தூக்கிச் சுற்றியதில் அளவு நாடா காலில் சிக்கி அறுந்துபோயிற்று. புதியது எடுத்துவர நான்தான் ஓடினேன்.

யானா உலகப் போட்டிக்குப் போனார். அங்கே தகுதிச் சுற்று நடந்த நாளன்று, எங்களுக்கு அதிகாலையில், தொலைபேசியில் அழைத்தார். மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே பேசினார். ஏதோ ஒரு சிறு தீவிலிருந்து வந்த பெண்ணின் ஈட்டி விமானப் பயணத்தில் தொலைந்துவிட்டதாம். மேசையில் தம் ஈட்டி தேறியதும், தாமே அந்தப் பெண்ணைத் தேடிச் சென்று, இது ரக்கில் நிற்கிறது, எடுத்துக்கொள் என்று கூறினாராம்.

"சரி, முடிவு என்னவாயிற்று?" என்று கேட்டேன்.

"மூன்று பேரும் இறுதிச் சுற்றுக்குப் போகிறோம்," என்றார் யானா. "அவள், நான், என் ஈட்டி."